தெற்கே தொடங்கும் எகிப்து

எகிப்துக்கு டூர் போடுகிறவர்கள் கையில் ஒரு பழைய அச்சு இருக்கிறது. கெய்ரோவில் இறங்கியதும் கிஸா பிரமிடும் அருங்காட்சியகமும். அடுத்து விமானத்தில் லக்சர். அங்கிருந்து க்ரூஸ் கப்பலில் நாலு இரவு, அஸ்வான் வரை. அபு சிம்பெல் 'விருப்பமுள்ளவர்களுக்கு, தனிக் கட்டணம்'. திரும்பக் கெய்ரோ, கடைவீதி, விமான நிலையம். தாமஸ் குக் 1869-ல் முதல் கூட்டத்தை நைலுக்கு அழைத்துப் போன நாளிலிருந்து வடக்கே தொடங்கித் தெற்கே போவதுதான் வழக்கம். 'லக்சுரி' என்று பெயர் சேரும்போதும் இந்த அச்சு மாறுவதில்லை. பிரமிடு தெரிகிற அறை, தனி வேன், பெயர்ப்பலகையோடு விமான நிலையத்தில் காத்திருக்கும் ஆள், கப்பலில் பால்கனி வைத்த பெரிய கேபின் எல்லாம் கூடும். வரிசை மட்டும் அப்படியே இருக்கும். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்த பிறகு எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகுட்டிகளோடு, 'எகிப்தும் ஆப்பிரிக்காவும் பார்க்க வேண்டும்' என்று பெரிய தொகை கட்டி வருகிறவர்களுக்கு அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அஸ்வானில் தொடங்கி, ஆறு ஓடும் திசையிலேயே வடக்கே இறங்க வேண்டும். பிரமிடு கடைசியில் வரட்டும்.

சொகுசு என்றால் என்ன என்பதில் எங்கள் தொழிலுக்கே குழப்பம் உண்டு. விலை ஏற ஏற அறை பெரிதாகிறது, சாப்பாட்டு வரிசை நீள்கிறது. பார்க்க வந்த பொருள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அரசர் பள்ளத்தாக்கில் பொது டிக்கெட் எடுத்தால் மூன்று கல்லறை, கோடீஸ்வரருக்கும் மூன்றுதான். துத்தன்காமுன், முதலாம் சேத்தி போன்றோரின் கல்லறைக்கு யார் வந்தாலும் தனி டிக்கெட். வெயிலிலும் முதல் வகுப்பு கிடையாது. பணத்தால் நிஜமாக வாங்க முடிவது நேரத்தையும், முப்பது பேரை மேய்க்காமல் ஒரே குடும்பத்தோடு நிதானமாகப் பேசுகிற கைடையும்தான். முன்பெல்லாம் பணி ஓய்வு பெற்ற தம்பதிகளே அதிகம் வருவார்கள். இப்போது தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை சேர்ந்து வருகிறது. இப்படி வரும் பிள்ளைகளின் கவனம் முதல் மூன்று நாள் கூர்மையாக இருக்கும். நாலாவது கோயிலில் அது செல்போனுக்குள் போய்விடும். அந்த மூன்று நாளில் எதை வைக்கிறோம் என்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. வழக்கமான அச்சு அங்கே கெய்ரோவின் போக்குவரத்தையும் கிஸா ஒட்டகக்காரர்களின் நச்சரிப்பையும் வைக்கிறது. 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட கிராண்ட் எகிப்திய அருங்காட்சியகத்தையும் அங்கேயே திணிக்கிறது. துத்தன்காமுன் கல்லறையில் கிடைத்த பொருள்கள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல். பெரியவர்களுக்கே கால் கடுத்துப்போகும் கட்டடம் அது. இரவு முழுதும் விமானத்தில் வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் மிஞ்சுவது தங்க முகமூடியும் ஐஸ்கிரீமும்.

அஸ்வானில் அந்தப் பிள்ளைக்குக் காட்ட என்ன இருக்கிறது? படகில் மேற்குக் கரைக்குப் போய், மணற்சரிவில் ஏறினால் குப்பத் அல்-ஹவா என்ற குன்று. பாறையைக் குடைந்த கல்லறைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று ஹர்குஃப் என்ற அதிகாரியுடையது; நாலாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முற்பட்டது. பாரோவின் ஆளாக அவர் தெற்கே யாம் என்ற நாட்டுக்குப் பலமுறை போய்வந்தார். ஒரு பயணத்தில் முந்நூறு கழுதைகளின் மேல் சாம்பிராணி, கருங்காலி, சிறுத்தைத் தோல், யானைத் தந்தம் எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பினார். இன்னொரு பயணத்தில் நடனமாடும் குள்ள மனிதர் ஒருவரை அழைத்து வருவதாக அரண்மனைக்கு எழுதினார். அப்போது அரியணையில் இருந்த இரண்டாம் பேபி சின்னப் பையன். அவன் எழுதிய பதில் கடிதத்தை ஹர்குஃப் தம் கல்லறை முகப்பில் அப்படியே வெட்டிவைத்திருக்கிறார். உடனே கிளம்பி வா. படகில் அவர் தண்ணீருக்குள் விழுந்துவிடாமல் இரண்டு பக்கமும் நல்ல ஆட்களை நிறுத்து. இரவில் பத்துத் தடவை போய்ப் பார்க்கச் சொல். சினாய், புந்த் நாட்டுப் பொருள்களைக் காட்டிலும் எனக்கு அவரைப் பார்க்கத்தான் ஆசை என்று போகிறது அந்தக் கடிதம். அரச முத்திரையோடு வந்த ஒரு பிள்ளையின் அவசரம் அது. அந்த மனிதரை என்ன செய்தார்கள், அவருக்கு ஊருக்குத் திரும்ப ஆசை இருந்திருக்காதா என்று பிள்ளைகளிடமிருந்தே கேள்வி வரும். எகிப்துக்குத் தெற்கே நாடுகள் இருந்தன, அங்கே அரசர்களும் சந்தைகளும் இருந்தன, எகிப்துக்கு அவர்களிடம் வேண்டியது நிறைய இருந்தது என்பதை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு லேசாகப் புரியவைக்காது.

இதற்கு எதிராக முதலில் வருவது காலவரிசை வாதம். பிரமிடு பழையது, கி.மு. 26-ஆம் நூற்றாண்டு; அஸ்வானின் ஃபிலே கோயில் கிரேக்க, ரோம ஆட்சிக் காலத்தது; பின்னதிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா என்று கேட்கிறார்கள். எகிப்தைக் காலவரிசைப்படி பார்க்க எந்த வழியாலும் முடியாது. லக்சர் கோயில் ஒன்றிலேயே மூன்றாம் அமென்ஹோதெப் கட்டியதும் இரண்டாம் ராம்சேஸ் சேர்த்ததும் ரோமப் படைகள் மாற்றியதும் மேலே ஒரு மசூதியும் சேர்ந்திருக்கின்றன. காலத்தைப் பிடித்துக்கொள்வதைவிடக் கல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது. அஸ்வானில் கிரானைட் குவாரிக்குள்ளேயே ஒரு முடிக்கப்படாத ஒபெலிஸ்க் கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், எழுந்திருந்தால் ஆயிரம் டன்னுக்கு மேல். விரிசல் விட்டதால் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். கிரானைட்டை டோலரைட் உருண்டைகளால் இடித்து இடித்துப் பொடியாக்கியே பிரித்திருக்கிறார்கள்; இடித்த பள்ளங்கள் வரிசை வரிசையாக இன்றும் தெரியும், பிள்ளைகள் விரலை வைத்துப் பார்க்கலாம். கூஃபுவின் பெரிய பிரமிடுக்குள் அரசர் அறையை மூடியிருக்கும் பாளங்கள் பல பத்து டன் எடையுள்ளவை. அவை இந்த அஸ்வான் கிரானைட்தான். இங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். குவாரியை முதலில் பார்த்துவிட்டுக் கடைசி நாளில் அந்த அறைக்குள் குனிந்து நுழைகிற பிள்ளைக்கு அந்தச் சுவர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிரமிடைக் கட்டியது வேற்றுக் கிரகத்தார் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிற பையன்களுக்கும் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வரிசையைத் திருப்பாவிட்டால் குவாரி ஒரு பொட்டல் வெளிதான். பிரமிடைப் பார்த்து முடித்தவன் அங்கே பத்து நிமிடம் நிற்க மாட்டான்.

அஸ்வானின் அடுத்த விஷயம் நூபியா. டூர் பேச்சில் அது பெரும்பாலும் அபு சிம்பெலை நகர்த்திய பொறியியல் சாகசமாகச் சுருங்கிவிடுகிறது. 1960-ல் யுனெஸ்கோ உலகத்திடம் உதவி கேட்டது, 1964 முதல் 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து 65 மீட்டர் உயரே தூக்கிக் கட்டியது என்று கைடு சொல்வார். கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள். கோயிலை நகர்த்தக் காரணமான அதே அஸ்வான் உயர் அணைக்காக 1963-64-ல் எகிப்து நூபியர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் ஆற்றங்கரைக் கிராமங்களை விட்டுக் கோம் ஓம்போ பக்கம் குடியேற்றப்பட்டதைச் சொல்ல நேரமிருக்காது. கோயில்களுக்கு இணையான இடம் கிடைத்தது. நன்றிக்கடனாகச் சில கோயில்கள் மாட்ரிட்டுக்கும் நியூயார்க்குக்கும் லைடனுக்கும் போய்ச் சேர்ந்தன. பேரீச்சை மரமும் ஆறும் இருந்த மக்களுக்கு வரிசை வீடுகள் கிடைத்தன. 1997-ல் திறந்த அஸ்வான் நூபிய அருங்காட்சியகம் இந்தக் கதையைப் பழைய கற்காலத்திலிருந்து முழுகிப்போன கிராமங்கள் வரை ஒரே நூலாகச் சொல்கிறது. நாடெங்கும் கெட்டிக்காரத்தனமாக அமைந்த அருங்காட்சியகம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வடக்கே தொடங்கும் திட்டத்தில் இதற்கு இடமே இருப்பதில்லை. கப்பல் அஸ்வானில் கட்டப்படும்போது எல்லாரும் களைத்திருப்பார்கள்.

அபு சிம்பெலுக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகக் கூடாது. வாசலின் இரு பக்கமும் அமர்ந்திருக்கும் ராம்சேஸ் சிலைகளின் அரியணைப் பக்கத்தில் கயிற்றால் கழுத்துக் கட்டப்பட்ட கைதிகள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தெற்குப் பக்கம் நூபியர்கள், வடக்குப் பக்கம் ஆசியர்கள். கெய்ரோவில் துத்தன்காமுனின் மிதியடியிலும் இதே இரண்டு கைதிகள்; ஒவ்வோர் அடியிலும் மிதிபட வேண்டும் என்று உள்ளங்கால் படும் இடத்தில் வரைந்திருக்கிறார்கள். கருத்த தோலை ஒரு பிள்ளை எகிப்தில் முதல்முதலாகச் சந்திப்பது இந்தப் படங்களில் என்றால், அடுத்து எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அது அழியாது. நூபிய அருங்காட்சியகத்தில், தெற்கிலிருந்து வந்து எகிப்தை ஆண்ட அரசர் தஹர்காவின் கருங்கல் தலையை முதலில் பார்த்தவனுக்கு அந்தக் கைதிகள் ஓர் அரசனின் வீண் பெருமையாகத் தெரிவார்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் இன்றைய சூடானிலிருந்து கிளம்பி வந்த குஷ் அரசர் பியே எகிப்தை வென்றார். ஜெபல் பர்கலில் கிடைத்த அவருடைய கல்வெட்டில், தோற்ற அரசனின் லாயத்தில் குதிரைகள் பட்டினி கிடந்ததைப் பார்த்து அவர் எவ்வளவு கோபப்பட்டார் என்று விரிவாக வருகிறது. எந்தக் குற்றத்தையும்விட அது அவருக்கு வலித்ததாம். அவருக்குப் பின்வந்த தஹர்கா கர்னாக் கோயிலின் முதல் முற்றத்தில் பத்துத் தூண்களை நிறுத்தினார். இன்று ஒன்று மட்டும் முழு உயரத்தில், இருபது மீட்டருக்குச் சற்று மேலாக நிற்கிறது. எல்லாக் கூட்டங்களும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. அது யார் வைத்தது என்று பலரும் கேட்காமலே போய்விடுகிறார்கள். குஷ் அரசர்களின் நெற்றியில் ஒரு நாகத்துக்குப் பதில் இரண்டு நாகம் இருக்கும். பின்னால் வந்த இரண்டாம் சம்தீக் காலத்தில் அவர்களுடைய பெயர்களைச் சுரண்டினார்கள், நாகங்களில் ஒன்றையும் உளியால் தட்டினார்கள். சிலைகளில் அந்தத் தட்டிய தழும்பைத் தேடச் சொன்னால் போதும், பிள்ளைகள் கைடைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்கேதான் தொழிலில் எல்லாரும் தயங்குகிறார்கள். எகிப்து யாருடையது, பாரோக்கள் கறுப்பர்களா என்ற வாக்குவாதத்தில் ஏன் போய் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கேள்வி, நியாயமான பயம்தான். 1974-ல் கெய்ரோவில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் செனகல் அறிஞர் ஷேக் அன்தா தியோப், அவர்கள் கறுப்பர்களே என்று ஆணித்தரமாக வாதிட்டார். அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் அறிஞர்களின் தலைமையில் குடும்பம் குடும்பமாக எகிப்துக்குப் படிப்புப் பயணம் வருவது பல பத்தாண்டு வழக்கம். 'பாரம்பரியப் பயணம்' என்ற சரக்கை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்கள் என்று சொல்லலாம். மறுபக்கம், 2023-ல் லைடன் அருங்காட்சியகம் கறுப்பர் இசையில் எகிப்து என்ற பொருளில் ஒரு கண்காட்சி வைத்ததும், சக்காராவில் 1975 முதல் தோண்டிவந்த அதன் குழுவுக்கு எகிப்து அனுமதியை நிறுத்தியது. நூபியாவைக் காக்க உதவியதற்காக எகிப்து பரிசளித்த தாஃபே கோயில் அதே அருங்காட்சியகத்தின் கூடத்தில்தான் நிற்கிறது. தலங்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற எகிப்திய கைடுக்கு மட்டுமே அனுமதி; அவருக்கு இந்தப் பேச்சு வீட்டுச் சண்டை மாதிரி. ஆனால் தெற்கே தொடங்குவதால் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் வருவதில்லை. தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஃபிலேயில் ஒரு சுவரைக் காட்டலாம். ஹாட்ரியன் வாயிலில் கி.பி. 394 ஆகஸ்டில் வெட்டிய வரிகள்தான், தேதி தெரிந்தவற்றில் கடைசியாக எழுதப்பட்ட சித்திர எழுத்துகள். பக்கத்தில் செதுக்கியிருக்கும் கடவுள் மண்டூலிஸ், நூபியர்களின் தெய்வம். ரோமப் பேரரசு கிறித்தவமான பின்னும் தெற்கத்தி மக்கள் ஐசிஸை வணங்க அங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன்தான் கோயிலைப் பூட்டினார். எகிப்தின் எழுத்தைக் கடைசிவரை உயிரோடு வைத்திருந்தது அதன் தெற்கு எல்லை. இதைக் கேட்டு எந்த எகிப்திய கைடும் முகம் சுளித்ததில்லை.

தயங்குகிறவர்கள் அதற்குப் பதிலாகச் செய்வது இதைவிட மோசம். 'எகிப்து–ஆப்பிரிக்கா' என்ற பெயரில் விற்கும் விலையுயர்ந்த பேக்கேஜ்களில் முதல் பாதி கெய்ரோவும் லக்சரும்; இரண்டாம் பாதி நைரோபிக்குப் பறந்து மசாய் மாராவில் சிங்கம். கோயிலும் எழுத்தும் எகிப்துக்கு, விலங்கு ஆப்பிரிக்காவுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. மாராவில் சிங்கம் பார்ப்பதில் தவறில்லை. அதைப் பாரம்பரியம் என்று விற்பதில்தான் தவறு. இயல்பாகப் போக வேண்டிய இடம் சூடானின் மெரோவே. எகிப்தைவிடச் சூடானில்தான் பிரமிடுகளின் எண்ணிக்கை அதிகம். 2023 ஏப்ரலில் தொடங்கிய போருக்குப் பின் அங்கே குடும்பங்களை அழைத்துப் போக வழியில்லை. லாலிபெலாவின் பாறைக் கோயில்கள் இருக்கும் எத்தியோப்பியாவின் அம்ஹாராவும் அமைதியாக இல்லை. கென்யாவே போவதென்றால் கடற்கரையில் லாமு இருக்கிறது, கெடியில் சுவாஹிலி நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. விக்டோரியா அருவி போகிறவர்கள் கிரேட் ஜிம்பாப்வேயைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே மசூதியையும் மதிலையும் பார்க்கிற பிள்ளைக்கு லக்சர் மேற்குக் கரையில் ஹத்ஷெப்சுத் கோயிலின் புந்த் சுவர் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். வேரோடு கூடையில் வைத்துத் தூக்கி வரும் வாசனைப் பிசின் மரங்கள், கப்பலின் கயிறுகளில் ஏறி நிற்கும் பபூன் குரங்குகள், கனத்த உடம்போடு நிற்கும் புந்த் அரசி எல்லாம் அதில் இருக்கின்றன. எகிப்தில் கிடைத்த பபூன் மம்மிகளின் எலும்பையும் முடியையும் சோதித்தவர்கள், அவை இன்றைய எரித்ரியா, எத்தியோப்பியா பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

நடைமுறையில் வரும் எதிர்ப்புகளையும் ஒதுக்க முடியாது. காற்று அவற்றில் முதலாவது. நைலில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும். பாய்விரித்துப் போக வேண்டுமானால் தெற்கு நோக்கித்தான் போக வேண்டும். தஹபியா என்ற பழைய பாணிப் பாய்க்கப்பல்கள் எஸ்னாவிலிருந்து அஸ்வானுக்கு ஏறுவதற்குக் காரணம் அதுவே. திருப்பிப் போட்டால் இழுவைப் படகுதான் பெரும்பாலும் வேலை செய்யும். தஹபியாவுக்குக் கொடுத்த காசில் பாதி சுகம் போகும். இதை நான் மறுக்கவில்லை. அஸ்வானில் இரண்டு மாலை ஃபெலுக்கா என்ற சிறு பாய்ப்படகு எடுத்துக் கொஞ்சம் ஈடுசெய்யலாம், முழுவதும் முடியாது. அபு சிம்பெலில் எதிர்பார்க்கிற சொகுசில் விடுதி இல்லை, அங்கே எப்படித் தங்க வைப்பது என்பது இன்னொன்று. சாலை வழி 280 கிலோமீட்டர். போலீஸ் வாகன அணியோடு சேர்ந்துதான் போக வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் கட்டாயம் தளர்ந்த பின்னும் பேருந்துகள் பழைய பழக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, காலை ஏழு முதல் பத்துவரை கோயிலை நிரப்புகின்றன. தூக்கத்தில் எழுப்பிய பிள்ளையை அந்தக் கூட்டத்தில் நிறுத்துவதைவிட, சாதாரண அறையில் ஓர் இரவு தங்கி, எல்லாப் பேருந்தும் திரும்பிய பின் சாயங்காலம் நாலு மணிக்கு அதே முற்றத்தில் நடப்பது மேல். லக்சுரி கம்பெனிகளுக்கு இது பிடிக்காது. மெத்தையைப் பற்றிய புகார் வரும், கூட்டமில்லாத கோயிலைப் பற்றிப் பாராட்டுக் கடிதம் எழுத யாருக்கும் தோன்றாது. நூபியக் கிராமம் என்றாலே நாடகம்தானே என்பதும் சரி. கர்ப் சுஹேலில் தொட்டிக்குள் அடைத்த முதலைக் குட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்க வைப்பதை நான் எந்தத் திட்டத்திலும் சேர்க்க மாட்டேன். அதற்குப் பதில் ஒரு நாளாவது நூபியக் குடும்பத்தில் பிறந்த கைடை அமர்த்துங்கள். அணையைப் பற்றி அவர் பேசுவதற்கும் மற்றவர் பேசுவதற்கும் வித்தியாசம் பிள்ளைகளுக்கே தெரியும். பக்ஷீஷை மொத்தமாக முன்கூட்டி ஒரு கையில் கொடுத்துவிட்டால் பெற்றோர் நாள் முழுக்கச் சில்லறை தேட வேண்டாம். டிக்கெட் இப்போது பல தலங்களில் கார்டில்தான் வாங்க முடியும் என்பதால், ரொக்கம் குறைவாக இருந்தால் போதும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு வடக்கே இறங்கும்போது கெய்ரோவில் ஒரு கூடுதல் லாபம். 2021 ஏப்ரலில் ஊர்வலமாகக் கொண்டுவந்து எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்த 22 அரச மம்மிகளில் அபு சிம்பெலைக் கட்டிய இரண்டாம் ராம்சேஸும் ஒருவர். அவருடைய மூக்குத் துவாரங்களில் மிளகு அடைத்திருந்தது. அந்த மிளகு தென்னிந்தியப் பக்கத்துப் பொருள். பல நூற்றாண்டு கழித்துச் செங்கடல் துறைமுகம் பெரெனிகேயில், கோயில் தரையில் புதைந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அந்த மிளகும் பாலைவனம் கடந்து கோப்தோஸ் சேர்ந்து, ஆற்றோடு வடக்கே இறங்கித்தான் அலெக்சாந்திரியா போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், 'எங்களிடம் ஏழு நாள்தான் இருக்கிறது' என்பார்கள். ஏழு நாள் என்றால் முதலில் அலெக்சாந்திரியாவை எடுத்துவிடுவேன், அடுத்து க்ரூஸ் கப்பலை. இறங்கிய இரவு கெய்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே படுத்து, காலை முதல் விமானத்தில் அஸ்வான். அங்கே இரண்டு இரவு, அபு சிம்பெலில் ஒன்று. வழியில் கோம் ஓம்போவில் மட்டும் நிறுத்தி முதலை மம்மிகளைக் காட்டிவிட்டு, சாலை வழியாக லக்சர். அங்கே இரண்டு இரவு. எத்ஃபூ கோயிலை விடுவதற்கு மனம் வராது, ஆனால் விட வேண்டும். கெய்ரோவுக்கு ஒரு முழு நாள் மிஞ்சும். காலையில் பிரமிடு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிராண்ட் அருங்காட்சியகத்தில் துத்தன்காமுன் கூடம் மட்டும். கடைவீதியைக் கேட்பவர்கள் தேசிய அருங்காட்சியகத்தை இழப்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் எட்டாவது நாளுக்குப் பணம் கட்டட்டும்.